ஊதி அணைத்த சூடம்

என் கணவரின் இடது காலில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. மற்ற இரண்டும் போனதற்கு நான்தான் காரணம் என்று என் நாத்தனார் வாடிப்பட்டி வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். ஆயுத பூசை அன்று எரிகிற சூடத்தை நான் வாயால் ஊதி அணைத்தேனாம். அணைத்தது உண்மைதான். அதற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. கோபம்தான் இருக்கிறது, அது இன்னும் ஆறவில்லை.

கணவருக்கு வெகுநாளாகச் சர்க்கரை. பாதம் மரத்துப் போனதால் செருப்புக் கடித்ததே அவருக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தக் கறையைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகச் சொன்னார். தினமும் கட்டு மாற்ற வேண்டும், காலை ஊன்றக் கூடாது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். அப்படியும் ஆறாவிட்டால், அழுத்தம் கூட்டிய அறைக்குள் சுத்த ஆக்சிஜன் கொடுக்கிற சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதை நாங்கள் சொல்லும்போது சொல்லும் இடத்தில் செய்யலாம் என்றார். இத்தனையிலும் என் கணவர் காதில் விழுந்தது ஆக்சிஜன் என்ற ஒரு சொல்தான். கொரோனா நாளில் ஒரு சிலிண்டருக்காக ஊரே அலைந்தது. அதிலிருந்து எங்கள் வில்லாபுரத்தில் ஆக்சிஜன் என்றால் உயிர்தான்.

நாத்தனார் ஒரு வெல்னஸ் சென்டரைக் கண்டுபிடித்து வந்தார். மாட்டுத்தாவணியைத் தாண்டி, ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மாடியில். நடத்துகிறவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார், டாக்டர் இல்லை. ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பெரிய பை. உள்ளே படுக்க வைத்து ஜிப்பை இழுத்துவிட்டுக் காற்றடைப்பார்கள், மூக்கில் ஆக்சிஜன் குழாய். அது முடிந்ததும் சிவப்பு விளக்குப் படுக்கை. அதன் பிறகு காந்தப் பாய். பிரியாணிக் கடை மாதிரி இதற்குக் காம்போ என்று பெயர்.

"ஆக்சிஜன் மட்டும் குடுத்தா செல்லுக்குள்ள எறங்காதுண்ணே. சிவப்பு வெளிச்சம் கதவத் தொறந்து விடும், காந்தம் உள்ள தள்ளி விட்ரும்" என்று அவர் விளக்கினார்.

தேங்காயைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்காத மனுஷன் என் கணவர். இதை அப்படியே நம்பினார்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன். "வெளிச்சம் துணியத் தாண்டிப் போகும் மேடம்" என்றார். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாத்தனாருக்கோ என் மேல்தான் எரிச்சல். "காலை வெட்டாமக் காப்பாத்தணும்னு ஒரு மனுசன் இம்புட்டுப் பாடுபடுறாரு. நீ எதுக்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேக்குற" என்றார். கணவர் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினார். கட்டை நானே மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி என்னைத் தொடவிடவில்லை. வீட்டில் நாள் தவறாமல் சண்டை.

ஆயுத பூசை வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் நானும் அந்த சென்டருக்குக் கூடப் போனேன். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பையின் மேல் சந்தனம் குங்குமம், காற்றடைக்கும் மிஷினுக்கு மல்லிகைச் சரம், காந்தப் பாய்க்குக்கூட ஒரு பொட்டு. அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. எங்கள் ஆய்வகத்துத் தராசுக்கு முந்தின நாள் நானே பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் இங்கே என் கணவர் பைக்குள் படுத்திருக்கிறார். ஜிப் மூடியிருக்கிறது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கிறது.

"மிஷின் ஓடும்போதே சூடம் காட்டுனாத்தான் வருசம் பூராவும் நிக்காம ஓடும்" என்றபடி வெள்ளைக் கோட்டு தட்டில் சூடத்தைக் குவித்துப் பற்ற வைத்தார்.

நாத்தனார் கைகூப்பிக்கொண்டு, "உள்ள என் தம்பி இருக்கான், அவனுக்கும் சேத்துச் சுத்துங்க" என்றார்.

வகுப்பில் வருடா வருடம் ஒரு சோதனை செய்து காட்டுவேன். ஊதுவத்தியின் சுடரை அணைத்து, வெறும் கங்கோடு ஆக்சிஜன் ஜாடிக்குள் இறக்குவேன். குப்பென்று பிடித்துக்கொள்ளும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். தட்டு பையின் ஆக்சிஜன் குழாய் இணைப்புப் பக்கம் போனபோது எனக்கு அதுதான் கண்ணில் வந்தது. வேண்டாம், தள்ளிப் போங்கள் என்று கத்தினேன். "ஒரே சுத்துதான் மேடம்" என்று சிரித்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். சூடம் லேசில் அணையாது. மூச்சைக் கூட்டி மறுபடி ஊதினேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். விளக்கைப் பூவால் குளிர வைப்போம். சூடத்தை அதுவாக மலையேற விடுவோம். வாயால் ஊதுவது குடும்பத்துக்கே ஆகாத காரியம்.

"அடிப்பாவி, எரியிற சூடத்தை அணைச்சிட்டியே! உள்ள உன் புருசன்டி இருக்கான்!" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவரு உள்ள இருக்காருன்னுதான் அணைச்சேன் மதினி" என்றேன்.

காற்றை இறக்கி அவரை வெளியே விட்டார்கள். பையில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவர் பார்த்தது, பெண்டாட்டி தீபத்தை ஊதியதை மட்டும்தான். "நல்ல நாளும் அதுவுமா, அக்கா முன்னாடி மானத்தை வாங்கிட்டியேடி" என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் மல்லிகையையும் சாம்பிராணியையும் மீறி அந்த அழுகல் நாற்றம் வந்தது. நான் கீழே உட்கார்ந்து அவர் கால்கட்டை அங்கேயே பிய்த்தெறிந்தேன். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன.

"கழிவு வெளியேறுதுண்ணே, நல்லதுதான்" என்று வெள்ளைக் கோட்டு சொன்னார். கையில் இருந்த தட்டைப் பிடுங்கி அந்த ஆளின் மண்டையில் போட்டிருக்க வேண்டும். ஆட்டோ பிடிக்க ஓடியதால் முடியவில்லை.

விரல்களை எடுத்த டாக்டர், இத்தனை நாளும் புண்ணை யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டார். வெட்டிய இடம் ஆறத் தாமதமானபோது அவர்களே உண்மையான அழுத்த அறைக்கு அனுப்பினார்கள். நாத்தனாரும் வந்திருந்தார். அங்கே நர்ஸ் கணவரின் தலையெண்ணெயைத் துடைத்து, பருத்தி உடைக்கு மாற்றி, போனையும் சட்டைப் பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தையும் வாங்கி வைத்தார். "ஆக்சிஜன் அறைங்கய்யா, ஒரு பொறி விழுந்தாக்கூட ஆள் மிஞ்ச மாட்டாங்க" என்றார். கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்திலேயே நின்ற அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அந்த அறையும் தினசரிக் கட்டும் சேர்ந்து புண்ணை ஆற்றிவிட்டன. அந்தச் சிகிச்சையின் மேல் எனக்குக் கோபமில்லை. அதன் பெயரைத் திருடி, விளக்கோடும் காந்தத்தோடும் கட்டி விற்கிறவர்கள் மேல்தான் கோபம். இப்போது மாட்டுத்தாவணிப் பக்கம் பஸ் ஏறப் போனால் அந்த வெல்னஸ் சென்டர் போர்டு கண்ணில் படுகிறது. இன்னொரு புது மிஷினையும் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த வருடம் ஆயுத பூசையை வீட்டிலேயே வைத்தோம். வண்டி, தையல் மிஷின், என் பாடப் புத்தகங்கள், விரல் இல்லாத இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த அவருடைய செருப்பு, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். தட்டில் சூடத்தை ஏற்றி நிமிர்ந்தேன். கணவர் அதை என் கையிலிருந்து வாங்கி, "நீ காட்டுக்கா" என்று நாத்தனாரிடம் கொடுத்தார். நான் எதற்கு ஊதினேன் என்று இப்போது நன்றாகத் தெரிந்த மனிதர்.

நான் நகர்ந்து நின்றேன். காட்டட்டும். இந்த மனிதரை மறுபடியும் ஒரு பைக்குள் போட்டு எவனாவது சூடம் காட்டினால், நான் மறுபடியும் ஊதுவேன்.