கெதியாய் எரியும் மருந்து

தொண்ணூறுகளில் கனடாவின் மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு பண்ணைக்காரர், தன் மாடுகள் கால் முறியும்படி வளை தோண்டும் கிறவுண்ட்ஹொக் என்ற கொறிவிலங்குகளைச் சுட என்னை அனுமதித்திருந்தார். தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பப் பழகிக்கொண்டிருந்தேன். வெடிமருந்து வாங்கப் போன வேட்டைச் சாமான் கடையில் விற்பனையாளராக ஒரு தமிழர் நின்றார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்துவரை பூட்டிய சட்டை. வந்தவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், கைகளைத்தான் பார்ப்பார்.

நான் வெடிமருந்து அடைத்த ரின் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"உமக்கு ஏன் உது?"

"கிறவுண்ட்ஹொக் சுட."

"அங்கை இலங்கையிலை சுட்டது காணாதெண்டு இஞ்சையும் சுடுறீரோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் அங்கை ஒருத்தரையும் சுடேல்லை. சாமானைத் தாரும்."

ரின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தரமாட்டன்."

"முதலாளியைக் கூப்பிடும்!"

"வடிவாக் கூப்பிடுறன். உது கைத்துப்பாக்கிக்குப் போடுற மருந்து, கெதியா எரியும். றைபிள் தோட்டாவுக்குள்ளை நிரப்பினால் துவக்கு வெடிச்சு உம்மடை முகம்தான் போகும். வாசிக்கத் தெரியாதோ?"

இரண்டு மருந்துகளின் பெயர்களும் ஒரேமாதிரி இருந்ததில் மாறி எடுத்திருந்தேன்.

என்ன றைபிள், குண்டு என்ன எடை என்று கேட்டுவிட்டு வேறொரு ரின்னை ஓங்கி வைத்தார். "தோட்டா நிரப்புற கையேட்டிலை கிடக்கிற ஆகக் குறைஞ்ச அளவிலை தொடங்கும்."

"நன்றி அண்ணை."

"நான் உமக்கு அண்ணையில்லை. இனி இஞ்சை வராதையும்."

அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. மற்றக் கடைகளில் சிரித்த முகத்தோடு கேட்டதை எடுத்துத் தந்தார்கள். என்ன றைபிள் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.