பீடி பிடிக்காதவரின் இருமல்

பாலினப் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. தருமபுரியில் ஒரு கூடத்தில் எங்களைப் போன்ற களப்பணியாளர்களைக் கூட்டிவைத்து, ஆண், பெண் என்பது பிறப்போடு முடிந்துவிடுவதல்ல, நாலு பேர் பார்க்க அன்றாடம் நடந்து காட்டுவது என்று திரையில் படம் போட்டுச் சொல்வார்கள். சமூகப்பணிப் படிப்பில் இதையே எழுதித்தான் நான் தேறினேன். தப்பென்று சொல்லமாட்டேன். கேட்டு முடித்து வெளியே வந்தால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, அவ்வளவுதான்.

அந்தப் பாடம் எனக்கு உறைத்தது காரிமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில், ஒருவருடைய இருமலால்.

அவர் பெங்களூரில் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டபின் ஊரோடு வந்துவிட்டார். கம்பு ஊன்றி மெதுவாக நடப்பார். அவர் மனைவி விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புவார். மேஸ்திரிக்கு மாதக்கணக்காக இருமல் நிற்கவில்லை. காசநோயோ என்று பயந்து நான்தான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சளியில் ஒன்றும் இல்லை. பீடி உண்டா என்று டாக்டர் கேட்டார். பின்னால் வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி மேஸ்திரி, "உண்டுங்க, ஒரு நாளைக்கி ஒரு கட்டு ஆவும்" என்றார்.

அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் பீடியை விடச் சொல்லி அவர் உயிரை எடுத்தேன். கருகிய நுரையீரல் படத்தைக்கூடக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். இருமலோ கூடிக்கொண்டே போனது. இப்படியே விட்டால் நுரையீரல் கெட்டுவிடும், அப்புறம் எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டர் என்னிடம் எரிந்து விழுந்தார்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முற்பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. ஓட்டு இடுக்குகளில் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே இருமல் சத்தம். தீப்பிடித்துவிட்டது என்று பதறிப்போய்க் கதவை இடித்தேன். திறந்தவரின் கையில் களி கிண்டும் துடுப்பு இருந்தது. கண்கள் சிவந்து நீர் வழிந்தது. தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என்னை உள்ளே வரச்சொல்லி மறுபடியும் கதவைச் சாத்தினார்.

வீட்டுச் சமையல் முழுக்க அவருடையது. விடியற்காலமே ஆக்கி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன் என்று மனைவி ஊராரிடம் சொல்லி வந்தார். பகலில் புகை தெரிந்தால், அது அவர் இடுப்புக்கு வெந்நீர் என்பாராம். மூலையில் காஸ் அடுப்பு இருந்தது. களி கிண்டும் வேகத்துக்கு அது ஆடுகிறது என்று விறகடுப்பில்தான் தினமும் சமையல். வாழ்நாளில் அவர் ஒரு பீடியைக்கூடப் பற்றவைத்ததில்லை.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். பின்னே எதற்கு அந்தப் பொய் என்று கேட்டேன்.

"பீடின்னா டாக்டரு திட்டுவாருங்க, அவ்ளோதான். ஆக்கறேன்னு சொல்லியிருந்தா, அங்க நின்னவனுங்க டீக்கடை வரைக்கும் சொல்லிச் சிரிச்சிருப்பானுங்க மேடம்."

அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, டாக்டர் தனியாக இருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். கதவையும் சன்னலையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள், பாதி இருமல் போய்விடும் என்றார். மேஸ்திரி அதற்கு மட்டும் மசியவில்லை. ஓட்டலில் ஆண்கள்தானே சமைக்கிறார்கள் என்றேன். அது கூலிக்குங்க என்றார்.

மனைவியாவது என் பக்கம் நிற்பார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் துணி துவைத்துக்கொண்டே பேசினார். விழுந்து வந்த புதிதில் மேஸ்திரி வெளியே தலைகாட்டவே இல்லையாம். இப்போதுதான் சாயந்தரமானால் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, டீக்கடையில் போய் உட்கார்கிறாராம். அங்கே மட்டும்தான் அவரை இன்னும் மேஸ்திரி என்று கூப்பிடுகிறார்களாம்.

"அவரு இருமறதக் கேக்க முடியலிங்க. ஆனா சொவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்ததையும் நான்தானுங்க பாத்தேன். கதவு சாத்தியே இருக்கட்டுங்க."

கடைசியில், பின்பக்கம் இரண்டு ஓடுகளை எடுத்துவிட மட்டும் ஒப்புக்கொண்டார்கள். யாராவது கேட்டால் பூனை தள்ளிவிட்டது என்று சொல்வார்களாம். இருமல் கொஞ்சம் தணிந்திருக்கிறது, நிற்கவில்லை. போன வாரமும் மேஸ்திரியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் டீக்கடை ஆட்கள் முன்னால், பீடியைக் குறைத்துவிட்டேன் மேடம் என்று உரக்கச் சொன்னார். நல்லதுங்க, அப்படியே விட்டுடுங்க என்று நானும் உரக்கச் சொன்னேன்.

அன்று வீடு வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் கெஞ்சின. என் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். அதட்டமாட்டார். பசிக்கிறது என்று மட்டும் சொன்னார். பையை வைத்த கையோடு அடுப்பைப் பற்றவைத்தேன். எதிர்வீட்டுக்காரம்மா வாசலில் இருந்தபடியே, இப்பத்தான் வந்தீங்களா, அதுக்குள்ள சமையலா என்று மெச்சினார். எங்கள் வீட்டுச் சமையலறை தெருவிலிருந்தே தெரியும். அதற்குக் கதவு கிடையாது. கட்டும்போது, கதவு ஒன்று வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.