வெள்ளிக்கிழமை வெங்காயம்

மளிகைக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர்தான் சாமான் வாங்க வருகிறார்கள். மீதிப் பேர் எதற்கு வருகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்துத்தான் உங்கள் வாசலிலும் குரல் கேட்டிருக்கும்.

காஜா பெராங் சாலையில் கடை வைத்திருந்தவர் என் மாமனார். அத்தை நான் மருமகளாக வரும் முன்பே காலமாகிவிட்டார். என் கணவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. ஆகவே கான்வென்டில் இங்கிலீஷ் படித்த நான் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தேன். முதல் பையன் நான்காம் மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்துப் பிறந்த சரோஜாவை அந்த நான்காம் மாதத்தைத் தாண்ட வைத்தவர் மாமாதான் என்பது என் நம்பிக்கை. மாமா போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போது தொட்டிலில் இரண்டு மாதப் பையன். பயத்தில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒரு கையில் தொட்டில் கயிறு, மறு கையில் பேனா.

பதினோரு சாவிகள்

எங்கள் சாலையில் பாதி வீடுகளுக்குக் கடிதம் கடை முகவரிக்குத்தான் வரும். வேலைக்குப் போகிற புருஷன் பெண்சாதிகள் வீட்டுச் சாவியைக் கடை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். எது யாருடையது என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டலாமே என்றேன். "எழுதி வெச்சா திருடனுக்கு வசதியாப் போயிடும் புள்ள" என்றார் மாமா. எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அவர் காலமான மறுவாரம் பதினோரு சாவிகளோடு தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியது நான்தான்.

புக்கிட் ரம்பாய்க்குக் குடிபோன ஒரு தச்சர், ஞாயிறு தவறாமல் அங்கிருந்து சைக்கிள் மிதித்து வந்து ஒரே ஒரு தீப்பெட்டி வாங்குவார். ஒரு மணி நேரம் மாமாவோடு பேசிவிட்டுப் போவார். ஒருநாள் நான் பொறுக்காமல், அங்கே தீப்பெட்டி கிடைக்காதா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "தீப்பெட்டி அங்கயும் கெடைக்குதும்மா. யார் வீட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்றதுக்குத்தான் அங்க ஆள் இல்ல."

டீ குடிப்பவருக்கு எத்தனை மாதம்?

சீனி போட்ட டின் பாலைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் அப்போது எங்கள் பக்கத்தில் அதிகம். கிளினிக் நர்ஸ் கூடாது என்று சொன்னதிலிருந்து, மாமா டின் பால் விற்பதற்கு முன் ஒரு விசாரணை வைப்பார். குறைப்பிள்ளை பெற்றவள் போல நான் உள்ளறையில் சரோஜாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வியாபாரம் முழுக்க என் காதில் விழும்.

ஒரு பெண் வந்து டின் பால் கேட்டாள். யாருக்கு என்றார். டீக்கு என்றாள். "டீ குடிக்கிறவருக்கு எத்தன மாசம் ஆவுது?" என்று கேட்டார் மாமா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. தாய்ப்பால் பத்தவில்லை என்கிறாள். கிளினிக்கில் பால் மாவு இலவசமாகத் தருகிறார்கள், வேண்டுமானால் என் மருமகள் சீட்டு எழுதித் தருவாள் என்கிறார் இவர். கடை முதலாளியைத் தவுக்கே என்பது எங்கள் ஊர் வழக்கம். சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கியவள் திரும்பி நின்று சத்தமாகச் சொன்னாள்: "கடையில பாலை வெச்சிக்கிட்டு விக்க மாட்டேன்னு சொல்ற தவுக்கேவ தெங்கேரா வரைக்கும் தேடினாலும் பாக்க முடியாது!"

ரேடியோ திரும்பிய பக்கம்

மெர்டேக்கா அன்று, சுதந்திரம் அறிவித்த காலையில், சாலையில் இருந்தவர்கள் எல்லாரும் கடை முன்னால் கூடிவிட்டார்கள். ரேடியோ இருந்த வீடுகள் குறைவு. மாமா எங்கள் ரேடியோவை அரிசி மூட்டை மேல் ஏற்றி வைத்து, காசுப் பெட்டியையும் மூடிவிட்டார். சில்லறைச் சத்தத்தில் பேச்சு காதில் விழாதாம்.

நான் வெளியே வரவில்லை. சரோஜாவுக்கு இரண்டு மாதம். அத்தனை கண் படுமே என்று பயம். மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய் ரேடியோவின் முகத்தை எங்கள் அறைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. வெளியே நின்றவர்களுக்கு முணுமுணுப்புதான். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் குரல் கொடுத்தார்: "தவுக்கே, சுதந்திரம் எங்களுக்கும்தான் குடுக்குறாங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க லா!"

ஒன்பது ஏழரையான கதை

கிளினிக்கில் சரோஜாவை எடை போட்டு ஒன்பது என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து அவள் இளைத்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. கிளினிக் போகும் நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கடைத் தராசில் போட்டுப் பார்க்கலாம் என்றார் மாமா. எடை போட்டால் பிள்ளை தேய்ந்துவிடும் என்று அழுதேன். "சரி, பிள்ளைன்னு சொல்ல வேணாம். வெங்காயம்னு சொல்லிக்குவோம்" என்றார்.

வெங்காயம் நிறுக்கும் பெரிய தட்டில் துண்டை விரித்து அவளைக் கிடத்தினார். அதே போல் இன்னொரு துண்டை எடைக்கல் தட்டிலும் போட்டார்; துண்டின் எடை பிள்ளை கணக்கில் சேரக் கூடாதாம். நான் கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கல் மாற்றும் சத்தம். பிறகு மாமாவின் குரல்: "வெங்காயம் ஏழரை!"

ஓடி வந்தேன். "ஒன்பது இருந்ததே! ஒன்றரை எங்கே போச்சு?" என்று கடை நடுவில் நின்று கத்தினேன். வாங்க வந்த நாலு பேரும் மாமாவின் தராசைப் பார்த்தார்கள். எடையில் குறை என்ற சொல்லை அந்தக் கடை அதுவரை கேட்டதில்லை. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

அந்த நாலு பேரில் கம்போங் செட்டி லெட்சுமியம்மாவும் இருந்தார்; பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட செட்டிகளின் வம்சம். பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, உடுத்துவது மலாய்க்காரர்களின் கெபாயாச் சட்டை, பேச்சு முழுக்க மலாய். அவர்தான் என் கையிலிருந்த கிளினிக் அட்டையை விரலால் தட்டி, பிறகு கடைத் தராசைக் காட்டினார். கிளினிக்கில் எடை ராத்தல், அதாவது பவுண்டு. எங்கள் கடையில் கட்டி என்கிற இந்த ஊர் எடை. மூன்று கட்டி நான்கு ராத்தல். ஏழரைக் கட்டி என்றால் பத்து ராத்தல்! சர்க்கரையைக் கட்டியில் தினமும் விற்கிறவள்தான் நான். ஆனால் குழந்தைக்கும் அதே கணக்கு என்று பயந்த மூளைக்குத் தோன்றவில்லை. லெட்சுமியம்மா மலாயில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "பள்ளிக்கூட வாசல் மிதிக்காத எனக்கே தெரியும் லா, இந்தக் கடையில் எதுவுமே ராத்தல் கிடையாது!"

வெங்காய வியாபாரம்

அந்த ஏழரை ஊரெல்லாம் பரவிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை லெட்சுமியம்மா தம் பேரனோடு வந்தார். அதற்கடுத்த வாரம் ஆறு தாய்மார்கள். வெள்ளி நண்பகலில் மலாய்க்காரர்கள் தொழுகைக்குப் போயிருப்பார்கள், கடை ஓய்ந்திருக்கும். மாமா எடை போடுவார். கண் படாமல் வெங்காயம் என்றே கூவுவார். நான் ராத்தலுக்கு மாற்றி, நர்சுக்குக் காட்ட இங்கிலீஷில் சீட்டு எழுதுவேன். எடை ஏறாத பிள்ளையின் தாயை மாமா அப்போதே கிளினிக்குக்கு அனுப்பிவிடுவார்.

சரோஜாவுக்கு நான்காம் மாதம் பிறந்ததும், மாமா அவளை வெள்ளிக்கிழமை வரை காக்க வைக்கவில்லை. தினமும் காலையில் கடைப் பலகைகளைத் திறந்ததும் முதல் எடை அவளுடையதுதான்.  மாதம் முடிந்த அன்று, "வெங்காயம் ஒன்பதே கால்!" என்று அவர் கூவியது சாலைக்கே கேட்டிருக்கும். வாசலில் அப்போதுதான் வந்து நின்ற ஒரு புது வாடிக்கைக்காரர் திகைத்துப் போய்ச் சொன்னார்: "ஒன்பதே கால் கட்டியெல்லாம் வேணாங்க, எனக்கு அரைக் கட்டி போதும்."

போன வெள்ளிக்கிழமை

மாமா காலமானதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பெரிய தட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவேன். யாராவது பிள்ளையோடு வந்தால் கிளினிக்குக்குப் போகச் சொல்வேன். என் பையனையும் எடை போடவில்லை. ஏறவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வேன்? அவன் பால் குடிப்பது குறைந்தது போலவே இருந்தது. கணவரிடம் சொல்லவும் பயம்.

போன வெள்ளி லெட்சுமியம்மா மூன்று தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னைக் கேட்காமலே உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்து மாட்டினார். முதல் ஆள் யார் என்றார். யாரும் அசையவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நானே துண்டை விரித்தேன். மறு தட்டில் இன்னொன்று. பையனைக் கிடத்தினேன். ஐந்து கட்டிக் கல், இரண்டு கட்டிக் கல். தட்டு இன்னும் அவன் பக்கமே தாழ்ந்திருந்தது. கால் கட்டிக் கல்லையும் வைத்தேன். முள் நடுவில் நின்றது. பிறந்தபோது அவன் ஐந்து கட்டிதான்.

"வெங்காயம் ஏழே கால்" என்றேன்.  லெட்சுமியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "தவுக்கே கூவினால் கோயில் வரைக்கும் கேட்கும், நீ சொன்னது உன் பிள்ளைக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்லு!"

இரண்டாம் முறை சாலைக்கே கேட்கும்படி சொன்னேன். மளிகைக் கடை நடத்துவது என்றால் பயத்தை உள்ளறையில் வைத்துவிட்டு எடையை மட்டும் வாசலுக்குக் கேட்கச் சொல்வது என்று அன்றுதான் தெரிந்தது, உள்ளறை நிரம்பி வழிகிறது என்பது வேறு விஷயம்.