சலவை சோடாவில் நான் மறந்த தண்ணீர்

பூட்டிய அறையில் வைத்த மூட்டை, யாரும் தொடாமலே எடை குறையுமா? அடைக்கலமேரி அம்மாள் இதைக் கேட்டபோது நான் வேறு எதற்கோ பதில் சொன்னேன். ரசாயனத்தில் நான்தான் வகுப்பிலேயே முதல் என்று ராயபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்துகொண்டிருந்த காலம் அது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன், வேலைதான் கிடைக்கவில்லை. அம்மாளின் லாண்டரியில் துணிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாள் தூத்துக்குடிப் பக்கத்தவர். கணவர் இறந்தபின் தனியாக நின்று அந்த லாண்டரியை வளர்த்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் விரிப்புகளும் மேசைத் துணிகளும் அங்கேதான் வெளுக்கும். அவருக்குத் தராசின் மேல் இருந்த நம்பிக்கை மனிதர்கள் மேல் இல்லை. யாராவது அன்பாகப் பூசணிக்காய் கொண்டுவந்தால்கூட நிறுத்த பிறகுதான் நன்றி சொல்வார். கடற்காற்றின் ஈரம் சலவை சோடாவைக் கெடுத்துவிடும் என்று மூட்டைகளை இஸ்திரி அடுப்பை ஒட்டிய அறைக்கு மாற்றியதும் அவர்தான். சாவி, வெளுக்கிற எத்திராஜிடம் இருந்தது.

பங்குனியில் ஒரு மூட்டையை நிறுத்துப் பார்த்தார். பாதிதான் இருந்தது.

"சாவி உன்கிட்டதான கெடக்கு எத்திராஜு?"

"சோடாவ எட்த்துனு போயி நான் இன்னாம்மா துன்னவா போறேன்? திருவொத்தியூர் கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன், வா."

"ஒன் சாமி முன்னால நீ பண்ணுத சத்தியம் என் தராசுக்குக் கேக்குமா?" அம்மாள் உட்கார்ந்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை மாதா கோயில் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல நான் எதைச் சொல்ல? திருடனை வச்சிருக்கேன்னா, திருடாதவனைச் சந்தேகப்பட்டேன்னா? சனிக்கிழமைக்குள்ள வெவரம் தெரியலன்னா, நீ வேற எடம் பாத்துக்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "படிச்சவன்லா நீ. சொல்லு."

நான் கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினேன். சோடியம் இரண்டு பங்கு, நாற்பத்தாறு. கரியும் ஆக்சிஜனும் சேர்ந்து அறுபது. மொத்தம் நூற்றாறு. ஆகவே நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு சோடியம். கையைத் தட்டிக்கொண்டு, பாராட்டுக்காக நின்றேன்.

இஸ்திரி போடும் மஜீது பெட்டியைக் கீழே வைத்தார். "சோடா எங்க போச்சுன்னு கேட்டா, அதுல இன்னா கீதுன்னு சொல்றான்பா. இவன்லாம் பாஸு."

மறுநாள் எத்திராஜ் கொப்புளம் போட்ட கைகளோடு வந்து உட்கார்ந்தார். "பேஜாரா கீது நைனா. அந்த மூட்ட சோடாவ எப்பவும் நிறுத்துப் போடற அதே எடதான் போடறேன். கையி எரியுது, துணி சாயம் போவுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடை குறைந்த மூட்டையில் காரம் கூடியிருக்கிறது. அப்படியானால் வெளியே போனது சோடியம் இல்லை. சலவை சோடாக் கல்லுக்குள் பத்துப் பங்கு தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். ஒவ்வொரு தேர்விலும் அந்தத் தண்ணீரை எழுத மறப்பேன். ஒவ்வொரு முறையும் வாத்தியார் மதிப்பெண்ணைக் குறைப்பார். நானோ, அவருக்கு என் மேல் பொறாமை என்று நினைத்திருந்தேன்.

சுவருக்கு ஓடினேன். நூற்றாறோடு தண்ணீரின் நூற்றெண்பதைக் கூட்டினால் இருநூற்று எண்பத்தாறு. புதுக் கல்லில் சோடியம் நூற்றுக்குப் பதினாறுதான். மீதியில் பெரும்பகுதி, நூற்றுக்கு அறுபத்து மூன்று, வெறும் தண்ணீர். அடுப்புச் சூட்டில் மூட்டையிலிருந்து ஆவியாகிப் போனது அதுதான்.

சுவர்க் கணக்கை அம்மாள் ஏற்கவில்லை. அந்த வாரம் வந்திருந்த புதுமூட்டையிலிருந்து நாற்பது பலம் கல்லைத் தானே நிறுத்து, தட்டில் கொட்டி அடுப்பின்மேல் வைத்தார். முக்காலி போட்டுக் காவலுக்கும் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடி போலிருந்த கல், தன் தண்ணீரிலேயே கரைந்து, கொதித்து, கடைசியில் வெள்ளைப் பொடியாகக் காய்ந்தது. நிறுத்தார். பதினாறு பலம்கூட இல்லை.

"ஏம்மா, மீதிய நான் எட்த்துனேனா?" என்றார் எத்திராஜ்.

அம்மாள் தராசைத் துடைத்து வைத்தார். புதுமூட்டையை அடுப்பறையிலிருந்து இழுத்துவரச் சொல்லி, மூடி போட்ட தகர டின்களில் கொட்ட வைத்தார். "காஞ்ச மூட்டையில பாதிக்கும் கொறச்சுப் போடு. கைக்குத் தேங்கா எண்ணெ தடவு" என்று மட்டும் சொன்னார். சாவி எத்திராஜின் இடுப்பிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அம்மாள் வெகுநேரம் இருந்ததாக, வரிசையில் பின்னால் நின்றவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

எடை குறைந்த மூட்டைக்காக ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தப் போகும் முதலாளி யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். என்னைப் போல, தண்ணீரை விட்டுவிட்டுச் சொல்லிவிடாதீர்கள்.