நாக்குக்கு அடியில் ஒதுக்கிய மாத்திரை

கர்த்தருடைய பிள்ளைகளே, என் பெயர் ஞானமுத்து. பர்மா சண்டையில் ஹவில்தாராக இருந்துவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பியவன். நல்ல மனசோடு ஆண்டவரிடம் வந்தவர்கள் பலருடைய சாட்சியைக் கேட்டிருப்பீர்கள். நான் வயிற்றெரிச்சலோடு வந்தவன். அப்படி வந்தவனையும் அவர் தள்ளவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில், ஊருக்குக் கிழக்கே உடங்காட்டில் இரத்த வாந்தி எடுத்துக் கிடந்தேன். மதுவிலக்கு இருந்த காலம்தான். ஆனாலும் அந்த முள்ளுக்காட்டுக்குள் கள்ளச்சாராயத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்து, கரிசல் சேறு அப்பிய உடம்போடு மாட்டு வண்டியில் போட்டு வீட்டில் இறக்கினார்கள்.

என் மனைவி எஸ்தர் அழவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

"இன்னொரு மட்டம் குடிச்சிட்டு வந்தீங்கன்னா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பொறவு வரமாட்டேன்" என்றாள்.

அவள் சொன்னால் செய்கிறவள். எங்களுக்கு இருந்ததும் ஒரே மகள். அதோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை.

"மாசிலாமணி அண்ணனப் பாருங்க. அவியளும் ஒங்கள மாதிரி குடிச்சவியதான?"

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாசிலாமணி யார் தெரியுமா? படையில் எனக்குக் கீழே இருந்த சமையல்காரன். நான் நில் என்றால் நிற்பான், போ என்றால் போவான். ஊர் திரும்பி என்னைவிட அதிகமாகவே குடித்தான். பிறகு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துத் தெளிந்து வந்தான். குடியால் நான் தொலைத்த தீப்பெட்டி ஆபீஸ் வாட்ச்மேன் வேலை அவனுக்குக் கிடைத்தது. என் காக்கி, என் விசில், என் வாசல். கோயில் பாடகர் குழுவிலும் முன்வரிசை. பெண்கள் கூட்டத்தில் எஸ்தர் அவனுக்காக ஸ்தோத்திரம் சொல்லி அழுதாளாம். என்னை நினைத்து அழ வேண்டியவள், அவனை நினைத்து ஏன் அழ வேண்டும்? முன்பெல்லாம் என்னைக் கண்டால் விறைத்து நின்று "ஹவில்தார் சார்" என்பான். இப்போது, "என்ன அண்ணாச்சி, நல்லாருக்கீங்களா?" என்கிறான். நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்க இவன் யார்?

அன்று படுக்கையில் கிடந்தபடி, பல வருஷத்துக்குப் பிறகு ஜெபித்தேன். அந்த ஜெபத்தை அப்படியே சொல்கிறேன். "ஆண்டவரே, அவனுக்குச் செய்ததை எனக்கும் செய்யும். முடியாது என்றால் அவனையும் பழையபடி குடிக்க விட்டுவிடும்."

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். சமையல்காரனால் முடிந்தது ஹவில்தாரால் முடியாதா? எஸ்தர் ரயிலில் கூட்டிப்போனாள். முதலில் கைகால் உதறியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தினேன். நர்ஸம்மா கரண்டியால் கஞ்சி ஊட்டினார்.

"மாசிலாமணி எப்படிக் கிடந்தான்?" என்று அவரிடம் கேட்டேன்.

"அவரு ஒங்களவிட ரொம்ப அழுதாரு" என்றார். மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

உடம்பு தேறியதும் டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் காட்டினார். இது உடம்பில் இருக்கும்போது குடித்தால் உயிரே போய்விடும், அந்தப் பயம்தான் உங்களுக்குக் காவல் என்றார். தினமும் காலையில் ஒருவர் முன்னால் அதை விழுங்க வேண்டுமாம். எஸ்தர் முன்னால் விழுங்குகிறேன் என்றேன்.

"வீட்டம்மாவ நீங்க மிரட்டிருவீங்க. ஒங்க ஊரு மாசிலாமணி பாத்துக்கிடுவாரு" என்றார். எனக்கு மறுபடியும் கட்டிலில் படுத்துவிடலாம் போலிருந்தது.

தினமும் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். வேலைக்கு வருகிற பெண்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போவார்கள். அவர்கள் பார்க்க மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடித்து, அவன் முன்னால் வாயைத் திறக்க வேண்டும். பர்மாவில் இது என் வேலை. மலேரியாவுக்கு மஞ்சள் மாத்திரை கொடுத்து, ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவன் வாயாகப் பார்ப்பேன். இப்போது அவன் என் வாயைப் பார்க்கிறான். நான் எப்படிக் கொதித்திருப்பேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவன் தனிப்பாட்டுப் பாடப்போகிறான் என்று கேள்விப்பட்ட அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கினேன். அதைத் துப்பிவிட்டு நேரே உடங்காட்டுக்குப் போவது என்று முடிவு. எஸ்தரையும் மகளையும் நினைக்கவே இல்லை.

"நாக்கத் தூக்குங்க, அண்ணாச்சி" என்றான்.

"ஏலே, நான் ஒனக்கு ஹவில்தார்லே!" என்று கத்தினேன். மாத்திரை அவன் காலடியில் போய் விழுந்தது. பெண்கள் நின்று பார்த்தார்கள்.

அவன் குனிந்து எடுத்தான். பிறர் காதில் விழாதபடி பேசினான்.

"இந்த வித்தைய நான் பர்மாவுல செஞ்சிருக்கேன். மஞ்ச மாத்திரையத் தின்னா பிள்ள பிறக்காதுன்னு ஒரு பேச்சு. எனக்கு அப்பந்தான் கல்யாணம் ஆயிருந்துச்சு. நாக்குக்கு அடியில ஒதுக்குனேன். நீங்க நாக்கத் தூக்கச் சொல்லி முழுங்க வச்சீங்க. பக்கத்துக் கூடாரத்துல துப்புனவன் காய்ச்சல்ல செத்தான். எனக்கு இன்னைக்கு நாலு பிள்ளைய. நேத்துப் போட்ட மாத்திரை ஒங்க ஒடம்புல இன்னும் கெடக்கு. இப்பக் குடிச்சா வீடு போய்ச் சேர மாட்டீங்க, சார்."

சார் என்றான். அந்தப் பர்மா சங்கதி எனக்கு நினைவே இல்லை. எத்தனையோ வாயைப் பார்த்தேன், அதில் இவனும் ஒருவன். ஆனால் ஆண்டவர் மறக்கவில்லை. எனக்காக இந்த வாசலில் நிற்க வேண்டியவனை அன்றைக்கே என்னை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அவனைத்தான் விழவிடும் என்று நான் ஜெபித்தேன். என் ஜெபத்தின் பின்பாதியை அவர் கேட்டிருந்தால், அன்று காலையில் என் நாக்கைத் தூக்கச் சொல்ல யார் இருந்திருப்பார்கள்?

அவன் வேறொரு மாத்திரை தந்தான். விழுங்கினேன். கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை. எஸ்தர் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள், விசேஷத்துக்கு. போகும்போது என்னையும் கூட்டிப்போகிறாள். அதே வாசலில் பகல் காவல் அவனுக்கு, இரவுக் காவல் எனக்கு. அவனுக்கு நாற்காலி, எனக்கு ஸ்டூல். அதைப் பார்த்தால் இன்றும் எரியத்தான் செய்கிறது.

குடியில் கிடக்கிறவர்களே, அவர்களுக்காக அழுகிறவர்களே, மனசு சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற மனசோடே வாருங்கள். வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். நீங்கள் கேட்பதில் தர வேண்டியதை அவர் தருவார். அவர் தராமல் விட்டதற்குத்தான் நான் அதிகமாக ஸ்தோத்திரம் பண்ணுகிறேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் மாசிலாமணிதான் தனிப்பாட்டு. எனக்குக் கொடுக்கவில்லை. மாத்திரை நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் ஆராதனைக்கு முன்னால் கோயில் வாசலில் அவன் என்னை மறித்து, "நாக்கத் தூக்குங்க, சார்" என்பான். நான் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.