கோதுமை இல்லாத வீடு

எடைக்காரம்மா வேகவைத்த முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, துணியில் சுருட்டி, டப்பாவுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். உரிக்கவில்லை. ஓட்டோடு இருந்தால் சாயங்காலம் வரை தாங்கும். உரித்துவிட்டால் மத்தியானமே வாடை வரும். முட்டைக்குப் பக்கத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கு நாலு, ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை, அதிகம் கனியாத வாழைப்பழம் இரண்டு. பையின் அடியில் அவளுடைய சொந்தத் தட்டு, ஸ்பூன், கையகலத்தில் ஒரு வாணலி. வாணலியை மட்டும் பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டினாள். வேறு யாருடைய பாத்திரத்தோடும் அது உரசக் கூடாது.

ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. கடைக்காரர்களுக்கு அவள் எடைக்காரம்மா. அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

நாற்பது வயது வரை அவளுக்கு உடம்பில் என்ன கோளாறு என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. சாப்பிட்டதும் வயிறு பானையாக உப்பும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழிவறைக்கு ஓட்டம். வாயெல்லாம் புண். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. இரும்புச் சத்து மாத்திரை டப்பா டப்பாவாகத் தீர்ந்தது, ரத்தம் மட்டும் ஏறவில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மா தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார். சத்தை உறிஞ்சுகிற மெல்லிய துளிர்கள் தேய்ந்து, குடல் சுவர் வழவழவென்று கிடந்தது. கோதுமை, பார்லி, ரை என்கிற மூன்று தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவளுடைய உடம்பே அவள் குடலை அடிக்கிறது. மருந்து கிடையாது. சாப்பிடாமல் இருப்பதுதான் வைத்தியம், அதுவும் ஆயுசுக்கும். இதை அலர்ஜி என்று சொல்கிறவர்கள் உண்டு. அலர்ஜி வேறு, இது வேறு. இதில் "கொஞ்சம்தானே" என்ற பேச்சுக்கு இடமில்லை. ரொட்டித் தூள் ஒரு துணுக்குப் போதும்.

அன்றைக்கே மாவு டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். மரக் கரண்டி, சல்லடை, ரொட்டி வாட்டும் மெஷின் எல்லாம் போயிற்று. மரமும் சல்லடையும் மாவை விடாது, எவ்வளவு தேய்த்தாலும். முதலில் "குளூட்டன் இல்லை" என்று அச்சடித்த பிஸ்கெட்டுகளை வாங்கித் தின்று பார்த்தாள். ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான், எடை ஏறியது, தெம்பு ஏறவில்லை. பிறகு சோறு, கிழங்கு, பருப்பு, கீரை, மீன், முட்டை, பால் என்று நேரே வந்துவிட்டாள். ஆறு மாதத்தில் வாய்ப்புண் ஆறியது. ஒரு வருஷத்தில் மூன்று மாடியை மூச்சு வாங்காமல் ஏறினாள். வீட்டில் இப்போது ஒரு சிட்டிகை கோதுமை கிடையாது. அதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வீட்டில் வேறு ஆளும் கிடையாது.

வெளியூர்தான் கஷ்டம். கடைக்குப் போனால் டீயும் பிஸ்கெட்டும் நீட்டுவார்கள். வேண்டாம் என்பாள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும் என்பதால் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதனால் ஜில்லா முழுக்க ஒரு பெயர்: "அந்தம்மா நெருப்பு. ஒரு பிஸ்கெட்கூடத் தொடாது." ஒரு கறிக்கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே எடை கூட்டிக் காட்டத் தராசின் அடியில் ஒட்டியிருந்த காந்தத்தைத் தானாகவே எடுத்துக் கொடுத்துவிட்டார். தன் நேர்மையில் பாதி தன் குடலுக்குச் சேர வேண்டியது என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கடைக்குப் போயே ஆக வேண்டுமென்றால் மூன்று கேள்வி வைத்திருந்தாள். குழம்பு கெட்டியாக மாவு போட்டீங்களா? பொரித்தது எந்த எண்ணெய்? கரண்டி தனியா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுவாள். லாட்ஜ் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து, முட்டை உரித்துச் சாப்பிடுவாள். பக்கத்து அறையில் நாலு பேர் சேர்ந்து சிரித்துக்கொண்டு சாப்பிடுகிற சத்தம் சுவர் வழியாக வரும். டிவியைப் போட்டுக்கொள்வாள்.

இந்த மூன்று கேள்வியையும் அவள் கேட்காத இடம் ஒன்றே ஒன்றுதான். அது அண்ணி வீடு.

அண்ணி அவளுடைய அண்ணன் மனைவி. ஒரு தொழிற்சாலை கேன்டீனில் நாற்பது வருஷம் சமைத்தவள். ஒரு ஷிப்டுக்கு நானூறு பேருக்கு. அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. ஆக எடைக்காரம்மாவுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த சொந்தம் அண்ணி, அண்ணிக்கு அவள். இரண்டு மணி நேரப் பஸ் பயணம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பாடு என்று அண்ணன் இருந்தபோதே ஏற்பாடு.

ஞாயிறு சாப்பிட்டால் ராத்திரியே வயிறு உப்பும். புதன் வரை தலை கனக்கும், முழங்கால் கழன்றுவிட்ட மாதிரி இருக்கும். டைரியில் குறித்துக்கொண்டே வந்தாள். சந்தேகமே இல்லை. ஆனால் அண்ணியிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கென்று தனி அரிசி, தனி எண்ணெய், தனி உப்பு டப்பா. பாக்கெட் பின்னாலிருக்கிற பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அண்ணி. அதனால் சொல்லாமல் போவதைக் குறைத்தாள். இரண்டு வாரம் நாலு வாரமானது, நாலு ஆறானது. ஆடிட் என்றாள், மழை என்றாள், பஸ் இல்லை என்றாள். போன மாதம் அண்ணி போனில் சொன்னாள்: "அண்ணன் போனா அண்ணியும் போயிட்டான்னு கணக்கு. சரி, இரு."

அதற்கு அடுத்த வாரம் வருஷாந்திர ரத்தப் பரிசோதனை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வருஷமும் எங்கேயோ உள்ளே போகுது. ஒளிச்சு வச்சு பிஸ்கெட் திங்கிறியா?"

"இல்லீங்க டாக்டர்."

"எலும்பும் தேய ஆரம்பிச்சிருக்கு. நீ இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்குற ஆளு. ஒரு நாள் மணிக்கட்டு மளுக்குன்னு போகும். எங்கே போகுதுன்னு கண்டுபிடி, இல்லே அந்த இடத்துக்குப் போறதை நிறுத்து."

அதனால்தான் இந்த ஞாயிறு அவள் கிளம்பியது. அந்த வீட்டில் அது எப்படி உள்ளே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் இதுவே கடைசித் தடவை.

அண்ணி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே எண்ணெய் காய்கிற வாசனை.

"வந்தியா சின்னவளே. இளைச்சுப் போயிட்டே. கை கால் கழுவிட்டு ஹால்ல உக்காரு."

அண்ணிக்கு அவள் எப்போதும் சின்னவள். அண்ணி கல்யாணமாகி வந்தபோது இவளுக்கு ஒன்பது வயது.

எடைக்காரம்மா கை கழுவினாள். ஹாலில் உட்காரவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறை வாசலுக்குப் போனாள்.

"இங்க என்ன வேலை? கேன்டீன்ல மேனேஜரையே உள்ள விட்டதில்ல. நீ யாரு பெரிய ஆளு."

"தண்ணி அண்ணி."

"எடுத்தியா? நகரு."

நகரவில்லை. டம்ளரை வைத்துக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். வேலையில் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், கடைக்காரன் வாயைப் பார்க்காதே, கையைப் பார் என்பது. இருபத்து மூன்று வருஷமாகக் கைகளைப் பார்த்துப் பழகிய கண்.

அடுப்பில் இரண்டு சட்டி. ஒன்றில் இவளுக்காகக் கோழியும் கிழங்கும். மற்றதில் அண்ணிக்குக் கோதுமை நூடுல்ஸ். அது இல்லாமல் அண்ணிக்குச் சாப்பாடு இறங்காது. அண்ணி கையில் நீளக் காம்பு வைத்த கரண்டி. அது கையிலேயே முளைத்த மாதிரி இருந்தது. பேசிக்கொண்டே நூடுல்ஸைக் கிளறினாள். பேசிக்கொண்டே கோழியைப் புரட்டினாள். கரண்டி விளிம்பில் வெள்ளையாக ஒட்டியிருந்த மாவுத் தண்ணீர் கோழிச் சாற்றில் கரைந்தது. மறுபடி நூடுல்ஸ். மறுபடி கோழி. மூன்றாவது தடவையும் அப்படியே. பத்து அண்டாவை ஒரே கரண்டியோடு சுற்றி வந்த கை. அது எந்தச் சட்டியில் போகிறது என்று அண்ணிக்கே தெரியாது.

எடைக்காரம்மா டம்ளரை வைத்துவிட்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தாள். இதுவரை தெரியாமல் சாப்பிட்டாள். இனி தெரிந்து சாப்பிட வேண்டும், இல்லை வாயைத் திறக்க வேண்டும்.

தட்டு வந்தது. கோழியில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்திருந்தாள் அண்ணி.

"சாப்பிடு. ஆறிடும்."

"அண்ணி, இது எனக்கு வேண்டாம்."

"ஏன், உப்பு ஜாஸ்தியா? வாயில வைக்காமலே தெரிஞ்சிடுச்சா?"

"கரண்டி, அண்ணி. நூடுல்ஸ் சட்டியில இருந்தது அப்படியே இதுல வந்துச்சு."

"நான் எங்க போட்டேன்?"

"மூணு தடவை."

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எண்ணினியா?"

"ம்."

"தராசுல காந்தம் வச்சவனைப் பிடிக்கிற மாதிரி வாசல்ல நின்னு பிடிச்சிருக்கே. தண்ணி குடிக்க வந்தவ."

எடைக்காரம்மா தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

"நானூறு பேர் சாப்பிட்டாங்க என் கையால. ஒருத்தன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்ததில்ல. உனக்கு நான் விஷம் போட்டேன்னு சொல்றே."

"தெரியாமத்தானே அண்ணி."

"தெரிஞ்சா, தெரியாமலான்னு கேக்கல. சாப்பிட்டா என்ன ஆகும், அதைச் சொல்லு."

"மூணு நாள் படுத்துடுவேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"சொன்னா இனிமே கூப்பிடமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"சொல்லாம நீதான்டி வராம போனே."

அண்ணி எழுந்து தட்டை உள்ளே கொண்டுபோய் மூடி வைத்தாள். தன் நூடுல்ஸையும் தொடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எடைக்காரம்மா அந்தப் பெரிய மேஜையில் தனியாக உட்கார்ந்து, தன் பையிலிருந்து தட்டை எடுத்து, முட்டை உரித்தாள். லாட்ஜில் சாப்பிடுகிற அதே சாப்பாடு. இங்கே டிவியைப் போடவில்லை.

சாயங்காலம் முழுக்க அண்ணி துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். மறுநாள் அதே ஊரில் மூன்று கடைக்கு முத்திரை வைக்க வேண்டியிருந்ததால் எடைக்காரம்மா அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் கடைசிப் பஸ்ஸில் ஏறியிருப்பாள். தலையணையைக் கொண்டுவந்து வைத்த அண்ணி, போர்வை போதுமா என்று கேட்கவில்லை. படுத்த பிறகு எடைக்காரம்மா தன் வயிற்றைக் கவனித்தாள். அது ஒரு சத்தமும் போடவில்லை. அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை. ஆனாலும் தூக்கம் வர வெகு நேரம் ஆனது.

காலை ஆறு மணிக்குச் சமையலறையில் பாத்திரச் சத்தம். போய்ப் பார்த்தாள். அண்ணி வீட்டிலிருந்த கரண்டி, சல்லடை, வடிதட்டு, சட்டி எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தாள்.

"நிக்காதே. உன் வேலையைப் பாரு. இதுல எது தேறும், எது தேறாது?"

எடைக்காரம்மா ஒவ்வொன்றாக எடுத்தாள். எவர்சில்வர் எல்லாம் நன்றாகத் தேய்த்தால் போதும். மரக் கரண்டி மூன்றும் ஆகாது. சல்லடையும் வடிதட்டும் ஆகாது. கருப்பு வாணலியில் மேல்பூச்சு கீறியிருந்தது, அதுவும் ஆகாது.

"உங்களுக்கு வச்சுக்குங்க. எனக்குன்னு நாலு சாமான் புதுசா வாங்கித் தனியா வைக்கலாம். கரண்டியை மட்டும் மாத்திக்கிட்டா..."

"கரண்டியை மாத்தலாம். இந்தக் கையை எங்க போய் மாத்துறது?" அண்ணி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். "அது என் பேச்சைக் கேக்காது. நேத்து நீ சொன்னப்புறம்கூடக் கரண்டியைப் போட்டது எனக்கு ஞாபகம் வரல. நீ வர்ற அன்னைக்கு இனிமே ஒரே சட்டிதான். நீ திங்கிறதைத்தான் நானும் திங்கிறேன்."

"உங்க நூடுல்ஸ்?"

"நீ பஸ் ஏறினப்புறம் தின்னுக்கிறேன். ஒரு நாள் திங்காட்டி செத்தா போயிடுவேன்?"

அண்ணி கிழங்கை எடுத்து வைத்தாள். பிறகு யோசித்து, கத்தியை எடைக்காரம்மா பக்கம் தள்ளிவிட்டு, நிலைப்படிக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தன் சமையலறையைத் தானே வெளியிலிருந்து பார்க்கிறவளின் முகம் அது; அவ்வளவு சந்தோஷமாக இல்லை. எடைக்காரம்மா தன் கையகல வாணலியில் கிழங்கு வதக்கினாள், முட்டை ஊற்றினாள். ஒரு தடவைக்கு ஒருத்தர் பங்குதான் கொள்ளும். முதல் பங்கை அண்ணிக்கு வைத்தாள்.

"உப்பு பத்தல," என்றாள் அண்ணி. முழுக்கச் சாப்பிட்டாள்.

எடைக்காரம்மாவும் சாப்பிட்டு, தட்டைக் கழுவிப் பையில் போட்டு, எட்டு மணிக்குப் படியிறங்கினாள். அண்ணி வாசல் வரை வரவில்லை. உள்ளே அந்தக் கோழிச் சட்டியை நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள், இரண்டாம் தடவையாக.