நைரோபியின் முதல் நாளும் இரண்டு ராகுகாலங்களும்

மேடையில் என் குரல் ஒருபோதும் நடுங்கியதில்லை. மானிப்பாயிலிருந்து பஸ் ஏறிச் சென்று நான் பேசாத மண்டபங்கள் குடாநாட்டில் மிகச் சிலவே என்பதை அடக்கமின்றியே சொல்வேன். அப்படிப்பட்ட நான், ஒரு வெற்றுத் தாளுக்கு முன்னால் மூன்று நாட்கள் அஞ்சிக்கொண்டிருந்தேன்.

நைரோபியில் நடக்கவிருந்த விவாதப் போட்டிக்கு என்னையும் இணுவிலைச் சேர்ந்த தோழி ஒருத்தியையும் தெரிவு செய்திருந்தார்கள். அவளுடைய விசா பிந்தியதால், நான் போய் மறுநாள்தான் அவள் வந்து சேர்வாள். ஆகவே அங்கே முதல் நாளான சனிக்கிழமை முழுவதும் நான் தனி. அன்று போட்டி இல்லை. ஆறுதலாக ஊரைப் பாருங்கள், எங்கெங்கே போக விருப்பம் என்று எழுதுங்கள், வேண்டுமானால் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி துணைக்கு வருவாள் என்று ஏற்பாட்டாளர்கள் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். துணை தேவையில்லை என்று அந்தக் கணமே பதில் எழுதிவிட்டேன்.

அனுப்பிய பிறகு, அந்த நாளின் திட்டத்தை எழுதத் தாளை எடுத்தபோதுதான் பயம் வந்தது. தங்குமிடத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு நடக்கும் தூரம்தான். போனில் வரைபடத்தை விரித்துப் பார்ப்பேன். ஒரு பெரிய சுற்றுவட்டத்துக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிடும். அங்கே யாரிடமாவது வழி கேட்க வேண்டும். எதிரணியின் வாதத்தை ஆங்கிலத்தில் உடைக்க எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் சிரித்தபடி ஏதாவது கேட்டால், என் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சுற்றுவட்டத்தில் வாயடைத்து நிற்கும் என்னையே திரும்பத் திரும்பக் கண்டேன்.

ராகுகாலத்தில் மட்டும் வெளியே இறங்காதே என்று அம்மா சொன்னபோது, வாழ்க்கையில் முதன்முறையாக நான் அவருடன் வாதாடவில்லை. குசினிச் சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றி வந்து, சனிக்கிழமைக்குரிய ராகுகாலத்தையும் எமகண்டத்தையும் அந்தத் தாளில் குறித்தேன். நைரோபி நேரம் நமக்கு இரண்டரை மணி பிந்தியது. எந்த ஊர்க் கணக்கு சரி என்று அம்மாவுக்கும் சந்தேகம். எதற்கும் இரண்டையும் விலக்கினேன். விலக்கிய ஒவ்வொரு வேளைக்கும் நேரே ‘அறையில் ஓய்வு’ என்று அழகாக எழுதினேன்.

பின்னேரம் வேலை முடிந்து வந்த அண்ணை, தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக அந்தத் தாளை வாசித்தார்.

“எடி, காலமை ஆறரையிலையிருந்து எட்டு மட்டும் யாழ்ப்பாணத்து ராகுகாலம். ஒன்பதிலையிருந்து பத்தரை மட்டும் நைரோபி ராகுகாலம். பதினொண்டுக்கு எங்கடை எமகண்டம், ஒண்டரைக்கு அவையின்ரை எமகண்டம். நீ எப்ப வெளியிலை போறாய்?”

எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே ஒரு மணி, பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையே அரை மணி, மத்தியானம் இன்னொரு மணி இருக்கிறது என்றேன். மூன்று மணிக்குப் பிறகு மழை வரலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“போன வருஷம் நல்லநேரம் பாக்கிறது மூடநம்பிக்கை எண்டு மேடையிலை கத்திப் பரிசுக் கேடயம் வாங்கினது உவள்தானே, அம்மா?”

அம்மா சிரிப்பை அடக்கினார். எனக்கு முகம் கொதித்தது. நம்பிக்கை வேறு, தாயின் மனத்துக்கு மதிப்பளிப்பது வேறு என்று தொடங்கினேன். முதல் வாக்கியம் நன்றாகவே அமைந்தது; இரண்டாவது வரவில்லை.

அண்ணை தாளை மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பயமா இருக்கோ?”

“ஓம்.”

அவர் உபதேசம் செய்யவில்லை. போனை என் பக்கம் தள்ளிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

துணை வேண்டாமென்று எழுதிய எனக்கே, துணை வேண்டுமென்று எழுத அரை மணி நேரம் ஆனது. காரணங்களை அடுக்கி ஒரு பந்தி எழுதினேன், அழித்தேன். தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது, அந்த மாணவி இன்னும் வர முடியுமா என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் அந்த மாணவியே பதில் எழுதியிருந்தாள். வருவாளாம். அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, களைத்தால் மரங்கள் நிறைந்த ஒரு பூங்காவில் சும்மா இருக்கலாமாம். காலை ஒன்பதரைக்குத் தங்குமிடத்து வாசல் படலையடியில் நிற்கட்டுமா என்று கேட்டிருந்தாள்.

ஒன்பதரை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளையைக் காக்க வைக்காதை,” என்றார்.

சம்மதம் என்று எழுதினேன். பயம் போகவில்லை, அவளுடன் முதலில் என்ன கதைப்பது என்ற புதிய பயமும் சேர்ந்துகொண்டது. வியர்த்த விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.